மலை தெரியும் அறை

எங்கள் லாட்ஜில் ஐந்து அறைகள் இருக்கின்றன. கீழே ஒன்று, மாடியில் நான்கு. எந்த அறையிலிருந்தும் மலை தெரியாது. இதை இங்கே ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டேன். இதே வரியை எங்கள் வெப்சைட்டில் எழுத எனக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

லாட்ஜ் என்று சொல்வதே பெரிய பேச்சு. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், நாங்கள் குடியிருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறைகள். என் வீட்டுக்காரருக்குக் கிராமத்தில் நிலம். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். அறைகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். பெருக்கித் துடைப்பதோ படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுவதோ எனக்குச் சிரமம் இல்லை. பேசுவதுதான் சிரமம். பத்தாவது வரை படித்தவள். புது ஆள் எதிரே வந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன் அடித்தால் கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அதற்குள் வைத்துவிட்டார்கள் என்றால் அப்பாடா என்று இருக்கும். வியாபாரம் செய்கிறவளுக்கு இது நல்ல குணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

கட்டிய புதிதில், மாடியில் தெருவைப் பார்த்த இரண்டு அறைகளிலும் ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். எதிரே காலி மனை. நாலு தென்னை மரம். அதற்குப் பின்னால் மலைதான். அப்போது தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா அந்த ஜன்னல் வழியாகவே படம் எடுத்து, ஊருக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினோம்.

பிறகு எதிர்மனை கைமாறியது. ஓட்டல் கட்ட ஆரம்பித்தார்கள். முதல் தளம் எழும்பியதும் மலையின் அடிவாரம் மறைந்தது. இரண்டாம் தளத்துக்கு இடுப்பு வரை போனது. மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு உச்சியும் போய்விட்டது. இப்போது ஜன்னலைத் திறந்தால் ஒரு மஞ்சள் சுவர், அதில் வரிசையாக ஏசி பெட்டிகள். அவர்கள் இடம், அவர்கள் கட்டினார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஓட்டல்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்னது நாங்கள்.

கொரோனாவுக்கு முன்னால், வந்தவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர் வருவார்கள். ஆட்டோக்காரர்கள் அழைத்துவருவார்கள். அது முடிந்து ஊர் திறந்தபோது பார்த்தால் எல்லாரும் போனில் பார்த்து, போனிலேயே அறை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வாசல் வழியாகப் பெட்டியை உருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆள் வந்தார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸ் மாடியில் ஆபீஸ் வைத்திருப்பதாகச் சொன்னார். சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து, தேடினால் மேலே வரும்படி பண்ணித் தருகிற தொழில். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா, ஆளு எங்கயோ உக்காந்துகினு போன்ல திருவண்ணாமலை ரூம்னு அடிப்பான். அடிச்சா மொத பக்கத்துல நீங்க வரணும். வந்துட்டீங்கன்னா நீங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேணாம். சைட்டே பேசும்."

மற்றது எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்றாரே, அதில் விழுந்துவிட்டேன்.

அறைகளைப் படம் எடுத்தார். குளியலறையை எடுத்தார். மாடியில் ஜன்னலைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு வந்தார். கீழே ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நின்றார். "இது எங்கருந்து எடுத்ததுக்கா?"

"மேல, அந்த முன் ரூம்லருந்துதான். எதுத்தாப்ல கட்டறதுக்கு முன்னாடி."

"சூப்பர்க்கா" என்று போனைத் தூக்கி அந்தப் படத்தையே படம் எடுக்கப் போனார். டியூப் லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. "அக்கா, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க."

நான்தான் அணைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். புது ஆளிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்று சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தக் கைமேல் அதைவிட ஜாஸ்தி.

பதினைந்து நாளில் சைட் வந்தது. திறந்ததும் மலை. அதன்மேல் தமிழிலும் இங்கிலீஷிலும் 'எங்கள் அறையில் படுத்தபடியே அண்ணாமலையைத் தரிசியுங்கள்' என்று எழுதியிருந்தது. எங்கள் என்றால் நான்தான். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஆளிடம் நான் அவ்வளவு தைரியமாகப் பேசியதே கிடையாது. பேசினது இப்படி ஒரு பேச்சு.

வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 'மலை தெரியும் அறை' என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்தோம். வாரக் கடைசியில் ஐந்து அறையும் நிரம்பின. பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். பெட்டியைக் கீழே வைப்பார்கள். கட்டிலையோ குழாயையோ பார்க்க மாட்டார்கள். நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்குவார்கள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நிற்பேன். அவர்கள் முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். சிலர் தலையை வெளியே நீட்டி இடதுபக்கம் பார்ப்பார்கள், வலதுபக்கம் பார்ப்பார்கள். பிறகு திரும்புவார்கள்.

"மலை எங்கங்க?"

"மொட்டைமாடிக்குப் போனா தெரியும்."

அதுவும் பாதிப் பொய். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போக ஓர் இரும்பு ஏணி இருக்கிறது. அதில் ஏறித் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், எதிர் ஓட்டலின் லிஃப்ட் அறைக்குப் பக்கத்தில் உச்சி கொஞ்சம் தெரியும். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியே விட்டார். கீழே அவர் மனைவி நின்றுகொண்டு, "தெரியுதாங்க?" என்று கேட்டார்.

"தெரியுது. பாதி தெரியுது."

"அப்போ பாதிப் புண்ணியம்தான். எறங்குங்க, விழுந்து வைக்காதீங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எல்லாரும் அப்படி இல்லை. சைட்டிலும் மேப்பிலும் எழுத ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில், ஹிந்தியில், தெலுங்கில். நான் ஒவ்வொன்றையும் போனில் தமிழாக்கிப் படிப்பேன். ஒருவர் எழுதியிருந்தது மனப்பாடம் ஆகிவிட்டது. 'அறை சுத்தம். உரிமையாளர் ஏமாற்றுக்காரர். ஒன்றும் தெரியாதவர்போல் அமைதியாக நிற்கிறார், கேட்டால் பதில் சொல்வதில்லை.' நான் பேச முடியாமல் நிற்பதைத் தந்திரம் என்று நினைத்துவிட்டார்.  யோசித்துப் பார்த்தால் அவர் எழுதியதில் எந்த வார்த்தை தப்பு? ஒரு வார்த்தையும் இல்லை. அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

பஸ் ஏறி வேங்கிக்கால் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆபீஸில் அவரோடு இன்னும் இரண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டு, தண்ணி பாட்டில் கொடுத்தார்.

"தம்பி, அந்தப் படத்தை எடுத்துடுங்க. மலை தெரியும்னு போட்டதையும் எடுத்துடுங்க. வர்றவங்க திட்றாங்க."

"எத்தினி பேருக்கா திட்றாங்க? பத்துல ரெண்டு பேரா? அந்தப் பத்து பேர் வர்றதே அந்த ரெண்டு வார்த்தைக்குத்தாங்கா. அத எடுத்தா நீங்க மூணாவது பக்கம். மூணாவது பக்கத்துக்கு எவன் போறான்? நானே போனது இல்ல."

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பாமலே சிரித்தார்.

"தெரியலையே தம்பி. இல்லாததைப் போடறோமே."

"இல்லாதது இல்லக்கா. மலை அங்கதான இருக்குது? எங்க போச்சு? நடுவுல ஒரு பில்டிங்கு, அவ்ளோதான்."

பஸ்ஸில் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "சரி, யோசிச்சிச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் கொடுத்த தண்ணி பாட்டிலையும் கையோடு எடுத்து வந்திருந்தேன். திரும்பும் பஸ்ஸில் அதைப் பார்க்கப் பார்க்க என்னையே அறையலாம்போல இருந்தது.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "என்ன சொன்னான்?"

"எடுத்தா ஆளே வராதாம்."

"உடும்மா. வேங்கிக்கால்ல இருக்கறவன் கோயில் பக்கத்துலன்னு போடறான். பை பாஸ்ல இருக்கறவன் ஆசிரமத்துக்கு நடந்து போற தூரம்னு போடறான். நடந்து பாத்தாதான தெரியும். அவனுங்களையா புடிச்சி உள்ள போட்டுட்டாங்க?"

அவர் சொன்னது சரிதான். இந்த ஊரில் எல்லாரும் மலையை விற்கிறோம். பெங்களூர் ரோட்டில் எங்கேயோ பொட்டல் காட்டில் கல் நட்டு மனை போட்டவனும் போர்டில் மலையைத்தான் வரைகிறான். டீக்கடையிலிருந்து செல்போன் கடைவரைக்கும் அதே முக்கோணம். ஆனால் அவர்கள் மலை படத்தை வைத்து வேறு எதையோ விற்கிறார்கள். நாங்கள் தெரியாத மலையைத் தெரியும் என்று விற்றோம். இரண்டும் ஒன்று இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ரசம் ஊற்றினேன்.

அப்படியே சைட் வந்த பிறகு இரண்டாவது கார்த்திகை தீபமும் வந்தது.

தீபத்தன்று விடியற்காலை இருட்டிலேயே ஓர் அம்மாவும் மகனும் வந்து இறங்கினார்கள். சென்னைக்காரர்கள். சைட்டில் பார்த்து முன்பக்க அறையை எப்போதோ எடுத்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், நடக்க முடியாது. மகனும் ஆட்டோக்காரருமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள். கதவைத் திறந்துவிட்டது என் வீட்டுக்காரர். நான் சமையலறையில் இருந்தேன். கீழ் அறைக்கு எடுத்திருந்தவர்கள் வரவில்லை என்று முந்தின நாள் சொல்லிவிட்டதால் அது காலியாகத்தான் இருந்தது. கேட்டிருந்தால் அதைக் கொடுத்திருக்கலாம். ஆனால் சைட் யாரையும் எதுவும் கேட்பதில்லையே. அது பேச மட்டும்தான் செய்யும்.

மத்தியானம் மகன் கீழே வந்தார். கோபமாக வரவில்லை, சந்தேகமாக வந்தார். "மேடம், ஜன்னல்ல எதிர் பில்டிங்குதான் தெரியுது. தீபம் எந்தப் பக்கம் தெரியும்? அம்மா காலையிலருந்து தண்ணி கூடக் குடிக்கல. தீபம் பாத்துட்டுத்தான் வாயில வைப்பாங்க. சுகர் வேற இருக்கு."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். தீபத்தன்று விரதம் இருப்பவர்கள் மலைமேல் ஜோதியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எதையும் வாயில் போடுவார்கள். வீட்டு அகல் விளக்கைக்கூட அதற்குப் பிறகுதான் ஏற்றுவோம். நானும் அன்றைக்கு விரதம்தான். 

"தெரியாதுங்க" என்றேன்.

"எதுங்க?"

"அந்த ரூம்லருந்து தெரியாது. எந்த ரூம்லருந்தும் தெரியாது."

அவர் போனை எடுத்து எங்கள் சைட்டை என் முகத்துக்கு நேரே காட்டினார்.  திட்டியிருக்கலாம். "அவங்களை எப்படிங்க நான் அவ்ளோ தூரத்துலருந்து தூக்கிட்டு வந்தேன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

வேறு எங்கேயும் அறை கிடைக்காது. ஊரே திணறிக்கொண்டிருந்தது. தெருமுனைக்குப் போனால் செங்கம் ரோட்டிலிருந்து மலை தெரியும். நடந்தால் இரண்டு நிமிஷம். அன்றைக்கு அங்கே கால் வைக்க இடம் இல்லை. நாலரை மணிக்கே என் வீட்டுக்காரர், மகன், டீக்கடைக்காரர், எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் என்று நாலு பேர் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படியில் இறக்கும்போது அந்த அம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "ஏம்மா, அந்த ஏசி பொட்டிங்கதான் உங்க ஊர் அண்ணாமலையாரா? வரிசையா நல்லாத்தான் இருக்கார்" என்றார். டீக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் போனேன்.

கூட்டம் அசையவில்லை. நாற்காலி தாழ்வாக இருந்தது, அந்த அம்மாவைச் சுற்றி வெறும் முதுகுகள். தீபம் ஏற்றும் ஆறு மணி ஆகப்போகிறது. நான் வாயைத் திறந்தேன். "வழி விடுங்க. நடக்க முடியாதவங்க. கொஞ்சம் வழி விடுங்க." என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர், "எல்லாருக்கும்தான் பாக்கணும்" என்றார். "நீ நின்னுகினு பாக்கற. அவங்களால முடியல. நகரு" என்று அவர் தோளைப் பிடித்தே தள்ளினேன். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற நான், ரோட்டில், ஓர் அந்நிய ஆம்பிளையை. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பாதி வழியில் இருக்கும்போதே அரோகரா எழும்பிவிட்டது. எல்லார் கையும் தலைக்குமேல் போய்விட்டது. நாற்காலியில் இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. "தெரியல, தெரியலடா" என்றார். அப்போது அந்த நாலு பேரும் பேசிவைத்துக்கொள்ளாமலே நாற்காலியைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். அந்த அம்மா கும்பிட்டார். மேலே எரிந்துகொண்டிருந்தது. ஏற்றிய அந்தக் கணத்தை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எரிந்ததைத்தான் பார்த்தார். அடுத்த பத்து நாளும் அது எரியும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் சென்னையிலிருந்து வந்தது அந்தக் கணத்துக்கு.

வீட்டுக்குத் திரும்பிக் கீழ் அறையில் உட்காரவைத்தோம். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிப்பதற்கு முன்னால் கேட்டார்.

"படுத்தபடி பாக்கலாம்னு எழுதினது யாரு?"

"நாங்கதாங்க."

"தெரியாதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

 அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் தரையில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. மறுநாள் போகும்போது மகன் மட்டும் தலையசைத்தார். அவர்கள் எங்களைப் பற்றி எங்கேயும் எதுவும் எழுதவில்லை. தினமும் தேடிப் பார்த்தேன். எழுதியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தீபக் கூட்டம் கலைந்து பஸ் ஒழுங்காக ஓட ஆரம்பித்த அன்றே வேங்கிக்கால் போனேன். இந்த முறை வழியில் எதையும் சொல்லிப் பார்த்துக்கொள்ளவில்லை. தண்ணி பாட்டில் கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

"படத்த எடு. மலை தெரியும்னு இருக்கற எல்லாத்தையும் எடு."

"அக்கா, போன வாட்டியே சொன்னேன்ல..."

"சொன்ன. இப்ப எடு. நீ எடுக்கற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"பண்ணிடறேங்கா. சாயந்திரம் பண்ணிட்டு வாட்ஸ்அப்ல போடறேன்."

"எனக்கு எதுத்தாப்ல பண்ணு."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். படத்தின்மேல் கிளிக் செய்தார், நீக்கவா என்று கேட்டது, ஆம் என்று அழுத்தினார். மலை இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் வந்தது. இரண்டு வருஷமாக என்னைத் தின்ற காரியம், இரண்டு தட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பேச்சு என்று இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

"அந்த எடத்துல என்ன போடறது? காலியா உட முடியாது."

"எங்க ரூம்லருந்து மலை தெரியாது, தெருமுனைக்கு ரெண்டு நிமிஷம் நடந்தா தெரியும்னு போடு. கீழ் ரூமுக்குப் படி ஏற வேணாம், நடக்க முடியாதவங்க முன்னாடியே போன் பண்ணிச் சொல்லுங்கன்னு போடு."

"தெரியாதுன்னு எந்த ஊர்லயாவது வெப்சைட்ல போடுவாங்களாக்கா? மலை தெரியாத ரூம்னு எவன் தேடுவான்?"

"தேட வேணாம். வர்றவன் ஏமாறக் கூடாது. போடு."

போட்டார். டைப் அடிக்கும்போது, "மூணு மாசம் கழிச்சி என்கிட்ட வந்து ஆள் வரலன்னு சொல்லக் கூடாது" என்றார். அவர் அடித்து முடித்ததை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். 

மூன்று மாசம்கூட ஆகவில்லை. ஒரு மாசத்திலேயே கீழே போய்விட்டோம். எத்தனையாவது பக்கம் என்று நான் எண்ணவில்லை. வாரக் கடைசியில் இரண்டு அறை நிரம்பினால் பெரிது. வீட்டுக்காரர் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை, பூட்டிக் கிடக்கிற அறைகளின் சாவிகளை மாட்டும்போது கொஞ்சம் சத்தமாக மாட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யாரை மேலே காட்டுவது என்று முடிவு செய்கிற, முகம் தெரியாத அந்தத் தேடலின்மேலும் வருகிறது. பொய் சொன்னபோது கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனது, நிஜத்தைச் சொன்னதும் கையை விட்டுவிட்டது.

இதோடு முடியவும் இல்லை. எங்கள் சைட்டிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, அறை பிடித்துக் கொடுக்கிற வேறு மூன்று நாலு சைட்டுகளில் எங்கள் பெயரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். யார் போட்டது என்று வேங்கிக்கால்காரருக்கும் தெரியவில்லை. அதை நம்பி இப்போதும் ஒருவர் இருவர் வந்து ஜன்னலுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு சைட்டாகத் தேடிப் பிடித்து, எனக்குத் தெரிந்த பத்தாவது இங்கிலீஷில் எழுதுகிறேன். ஒன்று எடுத்துவிட்டார்கள். ஒன்று பதிலே இல்லை. நேற்று இன்னொன்றைத் திறந்தேன். படத்தை நீக்க வேண்டும் என்றால் காரணம் சொல்லும்படி ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. படம் தெளிவாக இல்லை. படம் பழையது. படம் வேறொருவருடையது. மற்றவை. மற்றவையைத் தொட்டேன். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில், இது பொய், இதைச் சொன்னது நான்தான், எடுத்துவிடுங்கள் என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன்.